பாட்சி கிளைன் பாடல்களும் மலிவுத் தொகுப்புத் தட்டுக்களும்

ஒருவர் பாடிய பல பாடல்களினின்றும் சிலவற்றை எடுத்து ஒரே இசைத்தட்டில் அமைத்து வெளியிடுவதைத் தொகுப்புத் தட்டு என்பர். தொகை என்னும் சொல் தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. குறுந்தொகையும் நற்றிணையும் அகநானூறும் அடியளவு பற்றித் தொகுக்கப்பெற்றன என்பதையும், தொகுத்தார் இன்னார், தொகுப்பித்தார் இன்னார் என்னும் குறிப்புக்கள் சில தொகைகளுக்கு எஞ்சியிருக்கின்றன என்பதையும் நாம் வகுப்பிலே படிக்கின்றோம். ஆகவே ஒரு தொகையைக் கண்டவிடத்து, இதனைத் தொகுத்தவர் யார், எவ்வளவுகோல் கொண்டு தொகுத்தார் என்று வினவுவது நமக்குப் பழகிய வழக்கமே. அமெரிக்க நாட்டில் மலிவு விலைக்கு விற்கப்பெற்ற இசைத்தட்டுக்களைப் பார்த்தும் இவ்வினாவை எழுப்பலாம். எழுப்பினால் அத்தட்டுக்களுட் பல சுவை பற்றித் தொகுக்கப்பெற்றன அல்ல, உடைமை பற்றித் தொகுக்கப்பெற்றன என்பது புலனாகும். பாடல் நல்லதா என்பதன்று, பாடல் யாருடையது என்பதே அங்கு அளவுகோல். இதனை விளக்குவதற்குப் பாட்சி கிளைன் என்னும் பாடகியின் பாடல்களைக் காட்டிலும் தக்க சான்று வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மலைவாழ் மக்களிடத்தும் உழவரிடத்தும் வழங்கிய கதைப்பாட்டு, பிடில் இசை, ஞானப்பாட்டு முதலியவற்றினின்றும் வளர்ந்ததொரு சங்கீத மரபைக் கண்ட்ரி இசை என்பர். டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரம் அதற்குத் தலைநகர் போன்றது. பாட்சி கிளைன் அம்மரபிற்கு உரியவர். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டர் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வர்ஜீனியா பாட்டர்ஸன் ஹென்ஸ்லி. தந்தை குடும்பத்தைவிட்டு நீங்கினமையால் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, ஒரு மருந்துக்கடையில் சோடாவும் குளிர்பானமும் எடுத்துக் கொடுக்கும் வேலையை மேற்கொண்டார். இரவு நேரங்களில் உணவுவிடுதிகளிலும் நடன சாலைகளிலும் பாடி வந்தார். சங்கீதத்தை ஏட்டில் எழுதிப் படிக்க அறியார். ஆயினும் ஒரு முறை கேட்டதை மனத்தில் நிறுத்தும் வன்மையும், தாழ்ந்த ஸ்தாயியில் கனத்து ஒலிக்கும் குரலும் அவர்க்கு வாய்த்திருந்தன.

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நாடியாகிய ஒப்பந்தத்தைக் கூறுவாம். 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், இருபத்திரண்டு வயதினராகிய அப்பெண் கலிபோர்னியாவிலிருந்த 4 ஸ்டார் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் தலைவர் பில் மக்கால் என்பவர். உடன்படிக்கையின்படி பாடகிக்குக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. இஃது அக்காலத்து வழக்கில் ஏறத்தாழப் பாதியே. ஒலிப்பதிவுச் செலவும் அவர் பங்கிலிருந்தே கழிக்கப்பெறும். இவையெல்லாம் பொருள் பற்றிய குறைகள். வறுமையிற் பிறந்த பாடகர் பலர்க்கு இத்தகைய குறை நேர்ந்திருக்கின்றது. இவற்றினும் கொடியதாக மற்றொரு விதி இருந்தது. அஃதாவது, 4 ஸ்டார் நிறுவனத்தின் பாடற் பதிப்பகத்திற்கு உரிமையான பாடல்களையே அவர் பாடுதல் வேண்டும் என்பது. விதிவிலக்குக்கள் சில இருந்தனவாயினும் பொதுவிதி அதுவே.

பாடற் பதிப்பகம் என்பதன் பொருளை அறியாதவர்க்கு இவ்விதியின் கொடுமை விளங்காது. இசைத்தட்டு ஒவ்வொன்றிலும் இருவேறு உடைமைகள் அடங்கியிருக்கின்றன. பாடல் என்பது ஒன்று. அதனை ஒருவர் பாட, அப்பாட்டைப் பதிந்துகொண்ட ஒலிநாடா என்பது மற்றொன்று. பாடலுக்கு உரியவர் அதனை இயற்றியவரும் அவரிடமிருந்து உரிமை பெற்ற பதிப்பகத்தாரும். 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் தட்டு ஒன்றுக்குப் பாடல் ஒன்றிற்கு இரண்டு சென்ட் வீதம் பாடலின் உரிமையாளர்க்குச் செலுத்துதல் வேண்டும். இவ்விரண்டு சென்ட் என்னும் அளவு 1978ஆம் ஆண்டு பிறக்குமளவும் மாறவில்லை. ஆகவே, தட்டை வெளியிடுவோரே பாடற் பதிப்பகத்தையும் வைத்துக்கொண்டிருப்பாராயின், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பெற்றுக்கொள்வர். மக்கால் அதற்கும் ஒருபடி மேலே சென்றவர். டபிள்யூ. எஸ். ஸ்டீவன்ஸன் என்னும் பெயர் அக்காலத்து 4 ஸ்டார் பாடல்கள் பலவற்றில் ஆசிரியர் பெயராகவோ துணையாசிரியர் பெயராகவோ காணப்பெறும். அப்பெயரின் பின் நின்றவர் மக்காலே. பாட்டு இயற்றாத வணிகர் பாட்டாசிரியர் பங்கையும் பெற்றார் என்பது இதனாற் போதரும். புனைபெயர் வைத்துக்கொள்ளும் கவிஞரைப் பார்த்திருக்கிறோம். புனைபெயரே கவிஞராக விளங்கியதை இங்கே காண்கிறோம்.

இவ்வொப்பந்தத்தின்கீழ் 1955ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தொடங்கி 1960ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் பாட்சி கிளைன் பதிந்த பாடல்கள் 51. 4 ஸ்டார் நிறுவனம் அவற்றைத் தானே பரப்புவதை விடுத்து, பெரிய நிறுவனமாகிய டெக்காவிற்குக் குத்தகைக்கு விட்டது. ஒலிப்பதிவை நடத்தியவர் டெக்காவைச் சேர்ந்த ஓவன் பிராட்லி என்னும் வித்துவான். அவருடைய நாஷ்வில் கூடத்திலே அந்நகரின் தேர்ந்த வாத்தியக்காரர்களைக் கொண்டு பதிவுகள் நடந்தன. முதற் பாடலின் பெயர், 'ஒரு கோவில், ஒரு நீதிமன்றம், பிறகு பிரிவு' எனப் பொருள்படும். அது விற்கவில்லை, அடுத்தவையும் விற்கவில்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பதிந்த ஒரு பாடல் மட்டும் விலகி நின்றது. 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்', அஃதாவது நள்ளிரவிற்குப் பின் நடந்து திரிதல், என்பது அதன் பெயர். ஆலன் பிளாக், டான் ஹெக்ட் என்னும் இருவர் இயற்றியது. பாடகிக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம். 1957ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் ஆர்தர் காட்பிரே என்பவர் நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் அவர் அதனைப் பாட, அவையோர் கரவொலி அடங்கவில்லை. அடுத்த மாதம் தட்டு வெளிவந்து கண்ட்ரி வரிசையில் 2ஆம் இடத்தையும், பொதுப் பாடல் வரிசையில் 12ஆம் இடத்தையும் எய்திற்று. அதன் மறுபக்கத்துப் பாடலும் சிறிது பெயர்பெற்றது. அதன் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் ஒன்றும் இல்லை. தட்டுக்கள் வந்துகொண்டேயிருந்தன, கேட்பாரைத்தான் காணோம்.

1960ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவுற்றது. பாட்சி கிளைன் டெக்காவோடு நேரே ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ஐ ஃபால் டு பீஸஸ்' என்னும் பாடலைப் பதிந்தார். அது 1961இல் கண்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதம் மோட்டார் விபத்திற் பெருங்காயமுற்றார். ஆகஸ்டு மாதம் வில்லி நெல்ஸன் இயற்றிய 'கிரேஸி' என்னும் பாடலைப் பாட முயன்றபோது, விலா எலும்பின் நோவினால் உச்ச ஸ்வரங்களை எட்ட இயலாது, வாத்தியப் பகுதியை மட்டும் அன்று பதிந்து, குரலைச் செப்டம்பர் மாதத்திற் சேர்த்தனர். அது கண்ட்ரி வரிசையில் 2ஆம் இடத்தையும் பொது வரிசையில் 9ஆம் இடத்தையும் அடைந்தது. ஹாங்க் காக்ரன் இயற்றிய 'ஷீஸ் காட் யூ' 1962இல் மீண்டும் முதலிடம் பெற்றது. 1963ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள், டென்னஸியில் காம்டன் என்னும் ஊரருகே சிறு விமானம் ஒன்று காட்டில் வீழ்ந்து நொறுங்க, அதிற் பயணம் செய்த நால்வருள் ஒருவராக அவர் மாண்டார். வயது 30.

நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று ஒன்றை நோக்குதல் வேண்டும். 1960க்கு முன்னும் பின்னும் பாடியவர் ஒருவரே. ஒலிப்பதிவை நடத்திய பிராட்லியும் ஒருவரே. ஊரும் அதுவே; வாத்தியக்காரருட் பலரும் அவரே. முன்னர் மூன்றாண்டு ஒரு பாடலும் எடுபடவில்லை. பின்னர் இரண்டே ஆண்டில் அடுத்தடுத்துப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. சோதனைச்சாலையில் விஞ்ஞான மாணவர் மற்றவற்றையெல்லாம் மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுபோல் இது அமைந்திருக்கின்றது. குரல் முதிர்ந்தது, இசையமைப்பும் மெருகேறியது என்பன உண்மையே. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் முதன்மையாக மாறியது, எந்தப் பாடலையும் தேர்ந்து பாடலாம் என்னும் உரிமையே. நெல்ஸன், காக்ரன், ஹார்லன் ஹோவர்ட் போன்ற நல்ல பாட்டாசிரியரின் வாயில் அவர்க்கு அப்போதுதான் திறந்தது.

அவர் இறந்தபின் அவருடைய பாடல்கள் இரண்டு குவியல்களாகக் கிடந்தன. ஒன்று டெக்காவின் குவியல். புகழ்பெற்ற பாடல்கள் ஏறக்குறைய யாவும் அதிலே. மற்றொன்று 4 ஸ்டார் குவியல். 51 பாடல்கள், அவற்றுட் பேர்பெற்றது பெரும்பாலும் ஒன்றே. டெக்கா தன் குவியலைப் பிறர்க்கு எளிதிற் கொடுப்பதில்லை. 4 ஸ்டார் உரிமையாளரோ, கேட்டவர்க்கெல்லாம் குத்தகைக்குக் கொடுத்தனர். குத்தகை நிலத்தை எத்தனை பேருக்கு ஒரே காலத்தில் விட முடியும்? ஒருவர்க்கே. ஒலிநாடாவை எத்தனை பேருக்கும் விடலாம், தேய்வதில்லை. மலிவுத் தட்டு வெளியிடுவோர் வாயிலில் வந்து நின்றதன் காரணம் இதுவே.

மலிவுத் தட்டு வாணிகம் எவ்வாறு நடந்தது என்பது அறியத்தக்கது. 1960களில் பெருநிறுவனத்தாரின் எல். பி. என்னும் நெடுநேரத் தட்டு ஏறக்குறைய நான்கு டாலருக்கு விற்றது. மலிவுத் தட்டு அதிற் பாதி விலை, சில வேளை அதனினும் குறைவு. பெருநிறுவனங்களே இதற்கெனத் தனிப் பெயர்களை வைத்துக்கொண்டிருந்தன. ஆர். சி. ஏ. நிறுவனத்திற்குக் காம்டன், கொலம்பியாவிற்கு ஹார்மனி, டெக்காவிற்கு வொக்காலியன். எவரெஸ்டு, பிக்விக் முதலிய நிறுவனங்கள் பிறர் பதிவுகளைக் குத்தகைக்கு எடுத்து விற்றன. இசைத்தட்டுக் கடைகளில் மட்டுமன்றிப் பலசரக்குக் கடையிலும், பெட்ரோல் நிலையத்திலும், மருந்துக்கடையிலும் சுழலும் கம்பித் தாங்கிகளில் இவை நிறுத்தப்பட்டிருந்தன. பாட்சி கிளைன் சோடா எடுத்துக் கொடுத்தது அத்தகைய மருந்துக்கடையொன்றிலேதான் என்பதை எண்ணுங்கால் ஒருவகை உருக்கம் தோன்றுகின்றது.

விலை பாதியாயின் செலவும் குறைதல் வேண்டுமன்றோ? பாடல் ஒன்றிற்கு இரண்டு சென்ட் என்று மேலே கூறினோம். பன்னிரண்டு பாடல் கொண்ட தட்டுக்கு இருபத்து நான்கு சென்ட் ஆகின்றது; பாதி விலைத் தட்டுக்கு இது பெருஞ்சுமை. ஆகவே பாடல்களைப் பத்தாகவோ ஒன்பதாகவோ குறைத்தனர். மலிவுத் தட்டுக்களில் பாடல்கள் குறைந்திருப்பதன் இரகசியம் இதுவேயன்றி வேறன்று. பாடலும் நாடாவும் ஒருவர் கையிலேயே இருப்பின் பேரம் பேசுதலும் எளிது. இவ்வகையில் 4 ஸ்டார் குவியல் மலிவுத் தட்டுக்கென்றே அமைந்ததுபோலாயிற்று. 1954இல் பாடகியைக் கட்டிய விதி, அவர் இறந்தபின் அவர் பெயரால் வெளிவந்த தட்டுக்களையும் கட்டியது என்க.

எவரெஸ்டு நிறுவனம் 1962ஆம் ஆண்டே, அவர் உயிரோடிருக்கும்போதே, 'பொன்னான வெற்றிப் பாடல்கள்' எனப் பொருள்படும் பெயரில் 4 ஸ்டார் பதிவுகளை ஒரு தட்டாக்கி விற்றது. வெற்றிப் பாடல்கள் என்னும் பன்மைக்கு இலக்கண விதி ஏதேனும் உண்டா என்று நம் ஆசிரியர்களைத்தான் கேட்டல் வேண்டும். நள்ளிரவுப் பாட்டை விலக்கினால் அதில் வெற்றி பெற்ற பாட்டென்று சொல்லத்தக்கது அரிது. அவர் இறந்தபின் நினைவுத் தட்டு என்றும், பிரதிபலிப்பு என்றும் பெயர்கள் மாறி வந்தன. பிக்விக் நிறுவனத்தின் ஹில்டாப் என்னும் சின்னத்தின்கீழும் பல வந்தன. டெக்காவும் தன் வொக்காலியன் சின்னத்தின்கீழ் 1965இல் ஒரு தட்டை வெளியிட்டது. பெயரும் அட்டையும் புதியன; உள்ளே இருப்பவை அதே 51. கணித மாணவர் ஒருவர் உடனிருந்தால் சொல்வார்: 51 பாடல்களினின்றும் பத்துப் பத்தாக எடுத்து வெவ்வேறு தொகைகள் செய்யப் புகின், 1,277 கோடிக்கு மேற்பட்ட வகைகளிற் செய்யலாம். வணிகர் அத்தனை செய்யவில்லை என்பதற்கு நாம் நன்றி பாராட்டுதல் வேண்டும்.

ஒலியின் தன்மையிலும் ஒரு குறை நேர்ந்தது. 4 ஸ்டார் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றை வழி ஒலியாகவே புழங்கின. 1960களின் நடுவில் மக்கள் ஸ்டீரியோ என்னும் இருவழி ஒலியை விரும்பத் தொடங்கவே, ஒற்றை ஒலியை மின்கருவியால் பிரித்து, தாழ்ந்த ஸ்வரங்களை ஒரு பக்கத்திற்கும் உயர்ந்தவற்றை மறுபக்கத்திற்கும் ஒதுக்கி, இடையிற் சிறிது எதிரொலியும் கூட்டி, இருவழி ஒலிபோலத் தோன்றச் செய்தனர். மலிவுத் தட்டுக்களில் இவ்வழக்கம் மிகுதி. அவற்றைக் கேட்கும்போது பாடுபவர் கிணற்றுள் நின்று பாடுவதுபோல் இருக்கும். கேட்டவர் பாடகியின் குரலே அத்தன்மையது என்று எண்ணியிருப்பின் அவரைக் குறைகூற இயலாது.

இவற்றால் மலிவுத் தட்டெல்லாம் தள்ளத்தக்கது என்று சொல்லத் துணியேன். முதலாவது, நான்கு டாலர் கொடுக்க இயலாதவர்க்கு இரண்டு டாலரில் ஒரு நல்ல குரல் வீட்டுக்கு வந்தது. கண்ட்ரி இசையைக் கேட்போருள் இத்தகையோர் மிகப்பலர். இரண்டாவது, 4 ஸ்டார் காலத்துப் பாடல்கள் எல்லாம் பதரல்ல. 1960இல் பதிந்த 'லவ்ஸிக் புளூஸ்' என்னும் பழம்பாட்டில் குரலை உடைத்துத் தாவும் மலைநாட்டு முறையை அவர் கையாளும் திறத்தைப் பின்னாளைய மெருகேறிய பதிவுகளில் அவ்வளவாகக் காணமுடியாது. 1959இல் பாடிய 'ஜஸ்ட் எ குளோஸர் வாக் வித் தீ', 'லைஃப்ஸ் ரெயில்வே டு ஹெவன்' என்னும் ஞானப்பாட்டுக்கள் இரண்டும் இக்குவியலைச் சேர்ந்தவையே. கோவிற் பாடகர் குழுவிற் பாடுவோர் எவரும் அவற்றை ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம். அழகு காட்டுவதற்காக ஒரு ஸ்வரத்தையும் நீட்டாமல் பாடுவது எவ்வாறு என்பது விளங்கும். 'சாம்பற் கிண்ணத்தில் மூன்று சிகரெட்டு' எனப் பொருள்படும் பாடலும் எளியதோர் உவமையைக்கொண்டு பிரிவைச் சொல்லும் திறனுடையது. கேடு இப்பாடல்களில் இல்லை. தொகுத்தவர் பெயரும், பாடிய ஆண்டும், இவை இன்ன காலத்தவை என்னும் குறிப்பும் இன்றி, ஒரு பாடகியின் பாதி வாழ்வை முழு வாழ்வென்று காட்டியதே கேடு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல தொகைகளும் உள. டெக்கா 1967இல் வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்னும் தட்டில் பன்னிரண்டு பாடல்கள். பெயருக்கு ஏற்பப் புகழ்பெற்றவையே பெரும்பாலும். அமெரிக்காவில் மட்டும் அது 1 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கின்றது. தொகுப்புத் தட்டு என்பதனாலேயே ஒன்று இழிந்ததாகாது என்பதற்கு இது போதும். 1989இல் ரைனோ நிறுவனம் 4 ஸ்டார் பதிவுகளை, அவை முதற்காலப் பதிவுகள் என்பதை வெளிப்படையாகக் கூறி, மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1991இல் எம். சி. ஏ. நிறுவனம் நான்கு தட்டுக்களில் 104 பதிவுகளைக் காலமுறைப்படி அமைத்து வெளியிட்டது. இரண்டு குவியல்களும் ஒரே பேழையில் முறைப்படி வைக்கப்பெற்ற இப்பதிப்பை, ஏடு தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்த நூலுக்கு நிகராகவே நான் கருதுகிறேன். பெருநிறுவனத்தாரின் கை எப்பொழுதும் தூய்மையானது என்றும் எண்ணற்க. 1980இலும் 1985இலும் பழைய குரலுக்குப் புதிய வாத்தியங்களைச் சேர்த்து வெளியிட்டனர். 1981இல், 1964ஆம் ஆண்டு வேறொரு விமான விபத்தில் இறந்த ஜிம் ரீவ்ஸ் என்பவர் குரலையும் இவர் குரலையும் ஒட்டி, இருவரும் உடனின்று பாடியதுபோல் ஆக்கிவிட்டனர். உயிரோடிருந்த காலத்தில் அவ்விருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பதிந்தவர் அல்லர்.

கையிற் கிடைத்த ஒரு தட்டு எக்குவியலைச் சேர்ந்தது என்று அறிய எளிய வழியொன்று உண்டு. நள்ளிரவுப் பாட்டை அவர் இருமுறை பதிந்திருக்கிறார். 1956ஆம் ஆண்டுப் பதிவு 4 ஸ்டாருக்கு உரியது. அப்பாட்டு டெக்காவின் உடைமையாகவும் இருத்தல் வேண்டும் என்னும் தேவை பற்றி, 1961 ஆகஸ்டில், விபத்தின் காயம் முற்றும் ஆறாத நிலையில், அவர் அதனை மறுபடியும் பாடினார். முன்னையதில் ஸ்டீல் கிட்டாரின் இழையும் ஒலி முதன்மையாகக் கேட்கும். பின்பாட்டுக் குழு இராது. பின்னையதில் ஜார்டனேர்ஸ் என்னும் நால்வர் குழுவினர் பின்னின்று பாடுவர். ஒலியும் மெய்யான இருவழி ஒலி. முன்னையதில் இளமைத் துடுக்கும், பின்னையதில் நிதானமும் மிகும் என்பது என் செவிக்குப் படுவது. ஆகவே தட்டைச் சுழலவிட்டு இப்பாட்டை மட்டும் கேட்டாற் போதும்; மற்றப் பாடல்களின் கோத்திரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அட்டையின் பின்புறத்துப் பட்டியலில் 'கிரேஸி' இல்லாமல் நள்ளிரவுப் பாட்டு மட்டும் தலைப்பில் இருந்தாலும் அவ்வாறே முடிவு செய்யலாம்.

ஆனால் இவ்விதி 2010ஆம் ஆண்டிற்குப் பின் வெளிவந்த ஐரோப்பியத் தட்டுக்களுக்குச் செல்லாது. ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளிவந்த ஆண்டிற்குப்பின் ஐம்பது ஆண்டு மட்டுமே இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிவு 2008 பிறந்ததும், 1961ஆம் ஆண்டுப் பதிவு 2012 பிறந்ததும் பொதுச்சொத்தாயின. பாடலை இயற்றியவரின் உரிமை வேறு, அது நீங்குவதில்லை. ஆயினும் நாடாவிற்குக் குத்தகை கேட்க வேண்டிய கட்டு அற்றுப்போயிற்று. டெக்காவின் குவியலும் 4 ஸ்டார் குவியலும் அங்கே ஒன்றாய்க் கலந்தன. இரண்டு மூன்று தட்டுக்களில் ஐம்பது அறுபது பாடல்களைச் சில பவுனுக்கு விற்கலாயினர். அமெரிக்காவில் நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி வரையிலான ஒலிப்பதிவுகள் 2067 வரையில் உரிமைக்கு உட்பட்டவை. ஒரே பாட்டு ஒரு கரையில் பொதுச்சொத்து, மறு கரையில் தனிச்சொத்து.

ஐரோப்பாவிலும் 2013ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் முதல் அவ்வைம்பது ஆண்டு எழுபதாக நீட்டப்பெற்றது. அதற்கு முன்பே உரிமை நீங்கிய பதிவுகள் நீங்கியனவே. 1962 முடிய வெளிவந்தவை மீளவில்லை. 1963இல் வெளிவந்தவையோ அச்சமயம் ஐம்பதாம் ஆண்டில் இருந்தமையால் நீட்சிக்குள் அகப்பட்டுக்கொண்டன. 2033 முடியும் வரையில் அவற்றிற்கு உரிமை உண்டு. பாட்சி கிளைன் 1963 பிப்ரவரி 5ஆம் நாள், இறப்பதற்குச் சரியாக ஒரு மாதத்திற்கு முன்னர், 'ஸ்வீட் டிரீம்ஸ்' என்னும் பாடலைப் பதிந்தார். அது அவர் இறந்தபின் அவ்வாண்டிலே வெளிவந்தது. அவர் பாடியவற்றுள் தலைசிறந்தது அதுவே என்பார் உளர். யானும் அவருள் ஒருவன். ஐரோப்பாவில் அச்சாகிய மலிவுத் தொகையொன்றில் 'கிரேஸி'யும் நள்ளிரவுப் பாட்டும் மற்றும் ஐம்பது பாடல்களும் இருக்க, இவ்வொரு பாட்டைக் காணாமல் ஒருவர் மயங்கக்கூடும். அதனை விலக்கியது தொகுத்தவரின் சுவையன்று. அது வெளிவந்த ஆண்டு.